டேப் வைத்து எடுத்த படம்

சைட்டில் என் வேலை பாதி மேற்பார்வை, பாதி போட்டோ. கான்கிரீட் ஊற்றுவதற்கு முன் கட்டிய கம்பியைப் படமெடுக்க வேண்டும், பக்கத்தில் அளவு டேப்பை விரித்துப் பிடித்தபடி. டேப் இல்லாத படம் திரும்பி வந்துவிடும். பதினொரு வருடப் பழக்கம்.

போன வருடம் சிங்கப்பூரில் எங்கள் புளோக் வாய்ட் டெக்கில், அதாவது அடுக்குமாடியின் திறந்த தரைத்தளத்தில், சின்னதாகப் படக் கண்காட்சி வைத்தார்கள். நாங்கள் கொட்டுகிற மணலும் கல்லும் எங்கே தோண்டியவை என்று காட்ட ஆசைப்பட்டேன். 1960களில் சுமார் 580 சதுர கிலோமீட்டராக இருந்த சிங்கப்பூர் இன்று 730-ஐத் தாண்டியிருக்கிறது. கடலைத் தூர்க்க அண்டை நாடுகளின் ஆற்றிலும் கடலடியிலும் மணல் அள்ளினார்கள். 2007-ல் இந்தோனேசியா ஏற்றுமதியை நிறுத்தியது, 2017-ல் கம்போடியா. அங்கெல்லாம் போகக் காசில்லை. பம்போட் என்கிற சிறு படகில் ஏறி புலாவ் ஊபின் தீவுக்குப் போனேன்.

அங்கே கருங்கல் வெட்டிய குழிகள் இப்போது ஏரிகள். பச்சைத் தண்ணீர், கரையில் நாரைகள். மாலை வெயிலுக்காகக் காத்திருந்து எடுத்தேன். அதுதான் தப்பு. படத்தின் முன் நின்ற ஆண்ட்டி ஒருவர், "ரொம்ப அழகா இருக்கே தம்பி, என் பொண்ணு கல்யாண போட்டோவை இங்க எடுக்கலாமா?" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஒரு குன்று இருந்த இடம் என்பதற்கு என் படத்தில் ஒரு தடயமும் இல்லை.

மறுநாள் அதைக் கழற்றிவிட்டு, லீவில் கொள்ளிடத்தில் எடுத்த ஒன்றை மாட்டினேன். கலையாக ஒன்றுமில்லை, உச்சிவெயிலில் வெளிறிய படம். ஆற்றுக்குள் ஓர் உறைக்கிணறு, மணல் போனபின் புகைபோக்கி மாதிரி தனியாக நிற்கிறது. பெரியப்பா பக்கத்தில் நின்று டேப்பின் நுனியைப் பிடித்திருக்கிறார். "குனிஞ்சு தண்ணி எடுத்த கெணறுடா, இப்ப ஏணி வைக்கணும்" என்று அன்றைக்குச் சொன்னார். டேப்பில் 2.4 மீட்டர்.

ஞாயிற்றுக்கிழமை தொழிலாளர் தங்குவிடுதியிலிருந்து வந்த தம்பி ஒருவர் அதன் முன் வெகுநேரம் நின்றார். அரியலூர்ப் பக்கமாம். உறைகளை விரல் நீட்டி எண்ணினார்.

"இது எத்தனை மீட்டர் டேப்புண்ணே?"

"அஞ்சு."

"எங்க ஊருக்குப் பத்தாது" என்றார்.