நெட் லைஃப் சயின்ஸ்: செல் சிக்னலிங்கை நான் படித்த விதம்

சிஎஸ்ஐஆர் நடத்தும் நெட் தேர்வின் ரிசல்ட் வந்துவிட்டது, ஜேஆர்எஃப் (ஆராய்ச்சி உதவித்தொகை) கிடைத்துவிட்டது. பாலக்காட்டு எல்லையில் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இதற்குப் படிக்கிறவர்கள் நிறைய கேட்கிறார்கள், அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன். பொது அறிவுத்திறன் பகுதியான பார்ட் ஏ பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

எனக்குக் கைகொடுத்தது நான்காம் (செல் சிக்னலிங்), ஏழாம் (விலங்கு உடலியங்கியல்) யூனிட்கள்தான். அட்ரினலின் இதயத்தைத் துரிதப்படுத்தும் வழியை, நான் போன கோச்சிங்கில் அட்ரினலின், பீட்டா ஏற்பி, ஜிஎஸ் (தூண்டும் ஜி புரதம்), அடினைலில் சைக்ளேஸ் (சைக்ளிக் ஏஎம்பி உண்டாக்கும் நொதி), சைக்ளிக் ஏஎம்பி (செல்லுக்குள் செய்தி கடத்தும் மூலக்கூறு), பிகேஏ (பாஸ்பேட் ஒட்டும் நொதி), கால்சியம் சேனல் (கால்சியம் செல்லுக்குள் நுழையும் வாசல்) என்று வரிசையாக ஒப்பிக்க வைத்தார்கள். அதற்கு ஃபீஸ் வேறு! பாடக் கேள்விகளில் நேரடியானவை வரும் பார்ட் பி-க்கு அது போதும். பார்ட் சி-யில் நடுவில் ஒன்றைப் பிடுங்கிவிட்டு, இப்போது என்ன ஆகும் என்றுதான் கேட்பார்கள்.

அதனால் வரிசையைப் படமாக வரைந்து, ஒன்றை விரலால் மறைத்துக்கொண்டு விடை எழுதுவேன்.

- பீட்டா ஏற்பியை அடைக்கும் புரோப்ரனலால் கொடுத்தபின் ஃபார்ஸ்கோலின்? ஏற்பி அடைபட்டிருந்தாலும் ஃபார்ஸ்கோலின் நேரே சைக்ளேஸைத் தூண்டும். கால்சியம் ஓட்டம் கூடும்.
- அசிட்டைல்கோலின் சேர்த்தால்? ஜிஐ (அடக்கும் ஜி புரதம்) வழியாக சைக்ளேஸ் அடங்கும்.
- பாஸ்போலாம்பன் (கால்சியத்தைச் செல்லின் உள்சேமிப்புக்கு இழுக்கும் பம்பை அடக்கும் புரதம்) இல்லாத எலி? இதயத்தசை ஏற்கெனவே வேகமாகத் தளர்கிறது. அட்ரினலின் அதற்குமேல் பெரிதாகக் கூட்டாது.

மற்றதை விட்டாலும் கால்சியம் சேனலை விடாதீர்கள். பிகேஏ அந்தச் சேனலின் 1928-ஆவது அமினோ அமிலமான செரினில் பாஸ்பேட் ஒட்டுவதால்தான் சேனல் அதிகம் திறக்கிறது என்று பல நோட்ஸில் இன்னமும் இருக்கிறது. அந்த செரினை, பாஸ்பேட் ஒட்ட முடியாத அலனினாக மாற்றிய எலிகளை 2008-இல் சோதித்தார்கள். பீட்டா ஏற்பியைத் தூண்டியதும் இதயம் வழக்கம்போல் துரிதப்பட்டது. பிறகு சேனலில் பிகேஏ ஒட்டக்கூடிய மற்ற இடங்களையும் மாற்றிப் பார்த்தார்கள், அப்போதும் அதே கதை. 2020-இல்தான் ராட் என்ற சின்னப் புரதம் பிடிபட்டது. அது சேனலின் பீட்டா துணையலகைப் பற்றிக்கொண்டு சேனலை அடக்கி வைக்கிறது. பிகேஏ பாஸ்பேட் ஒட்டுவது ராடின் மேல். ஒட்டியதும் ராடின் பிடி தளர்கிறது, கால்சியம் உள்ளே பாய்கிறது.

என்னோடு படித்த பாலக்காட்டுக்காரி மலையாளத்தில் கேட்பாள், நான் தமிழில் சொல்வேன். "அப்போ ராட் இல்லெங்கிலோ?" (ராட் இல்லாவிட்டால்?) என்றாள். அடக்க ஆளில்லை, ஓட்டம் முதலிலேயே உயர்ந்திருக்கும், அட்ரினலின் வந்தாலும் கூட்ட மிச்சம் அவ்வளவாக இல்லை. இந்த ஒரு பதிலைச் சரியாகச் சொல்லத் தெரிந்தால் அந்த யூனிட் கையில் இருக்கிறது என்று நான் வைத்துக்கொண்டேன்.

மற்றபடி:

- குழுவாகப் படிப்பது எனக்கு ஒத்துவராது. இருவருக்கு மேல் சேர்ந்தால் அரட்டைதான்.
- பார்ட் சி-யில் கிராஃப், ஜெல் உள்ள கேள்விகளை முதலில் எடுங்கள். படம் இருந்தால் விடை பெரும்பாலும் படத்திலேயே இருக்கும்.
- சந்தேகம் என்றால் விட்டுவிடுங்கள், நெகட்டிவ் மார்க் கொன்றுவிடும். துணிச்சல்காரர்கள் இதைக் கேட்க மாட்டீர்கள், சரி.
- சென்டர் கோவையில் விழுந்தால் முந்தின நாளே போய்த் தங்குங்கள். காலையில் வேலந்தாவளம் பஸ்ஸை நம்பிக் கிளம்ப வேண்டாம்.