ஏ.எம்.டி. கார் வாங்கப் போறீங்களா?

ஆட்டோமேட்டிக் எல்லாம் ஒரே ரகம் இல்லைங்க. 2014-ல் மாருதி செலெரியோவோடு இங்கே வந்த ஏ.எம்.டி.யில் (ஆட்டோமேட்டட் மேனுவல் டிரான்ஸ்மிஷன்) உள்ளே இருப்பது மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்ச் மிதிப்பதையும் கியர் மாற்றுவதையும் ஆக்சுவேட்டர் என்ற தானியங்கிக் கருவி செய்கிறது, அவ்வளவே. கிளட்ச் பிளேட் தேயும்.

ஏற்றத்தில் நிற்கும்போது ஆக்சிலேட்டரை லேசாக அழுத்தி வண்டியைப் பிடித்து வைக்கவே கூடாது. பிளேட் வழுக்கி, சூடேறி, கருகிவிடும். பிரேக்கில் நில்லுங்கள். கிளம்பும்போது ஹேண்ட்பிரேக் போட்டு ஆக்சிலேட்டர் கொடுங்கள். வண்டி இழுக்க ஆரம்பித்ததும் ஹேண்ட்பிரேக்கை விடுங்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது மேனுவல் மோடுக்கு மாற்றி இரண்டாம் கியரிலேயே வாருங்கள், பிரேக் அதிகம் சூடாகாது.

பெரும்பாலான ஏ.எம்.டி.களில் ‘பி’ (பார்க்கிங் நிலை) கிடையாது. கியரில் வைத்து எஞ்சினை அணைத்து ஹேண்ட்பிரேக் போடுங்கள்.

தினமும் நகர நெரிசலா? பட்ஜெட் இடம் கொடுத்தால் கிளட்ச் பிளேட்டுக்குப் பதில் எண்ணெய் வழியே விசையைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் ஆட்டோமேட்டிக்கே என் தேர்வு.