முறுக்கு அட்டையிலிருந்து ‘மரம்’ வரை: பேச்சு வராத பிள்ளைக்கு எழுத்து சொல்லிக் கொடுத்த அனுபவம்

முதல் ஆறு வாரம் வீணாகப் போனது. வேண்டிய பொருளின் பட அட்டையை எடுத்து எங்கள் கையில் கொடுத்துக் கேட்கப் பழக்குவதுதான் திட்டம். வீணானதற்குக் காரணம், காசு கொடுத்து வாங்கிய பட அட்டைகள். சாண்ட்விச், ஸ்ட்ராபெரி, பனிமனிதன் என்று நூறு படம். பிள்ளைக்கு ஏழு வயது, ஆட்டிசம், பேச்சு வரவில்லை. வீட்டில் அவன் அழுது கேட்பது முறுக்கு, தயிர் சாதம், மொட்டை மாடி. மூன்றில் ஒன்றுகூட அந்த அட்டைக் கட்டுக்குள் இல்லை. வேண்டாத பொருளின் படத்தை எந்தப் பிள்ளை எடுத்துக் கொடுக்கும்?

பிறகு கைபேசியில் நாங்களே எடுத்தோம்: அவன் சாப்பிடும் தட்டு, முறுக்கு டப்பா, அவன் வீட்டு மாடிப்படி. இரண்டு அங்குலச் சதுரம், வெள்ளைப் பின்னணி. லேமினேஷனுக்குக் கொடுக்கும்போது மேட் என்று கேட்டு வாங்குங்கள். பளபளப்பானது டியூப்லைட் வெளிச்சத்தில் படத்தையே மறைத்துவிடுகிறது. படத்தை முதலில் வெட்டி, பிறகு லேமினேட் செய்து, சுற்றிலும் அரை சென்டிமீட்டர் பிளாஸ்டிக் ஓரம் விட்டு மறுபடி வெட்ட வேண்டும். ஓரம் விடாவிட்டால் வாயில் வைத்த முதல் நாளே எச்சில் இறங்கிப் பிரிந்துவிடும். மூலைகளை வளைத்து வெட்டுங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று பிரதி.

அட்டைகளைப் பலகையில் ஒட்டும் வெல்க்ரோ பட்டையிலும் ஏமாந்தோம். பள்ளி அட்டையின் பின்னால் சொரசொரப்புப் பக்கம், வீட்டு அட்டையில் மெத்துப் பக்கம். ஓர் இடத்து அட்டை மற்ற இடத்துப் பலகையில் ஒட்டவில்லை. அத்தனையையும் பிய்த்து ஒட்ட இரண்டு நாள். எந்தப் பக்கம் எதில் என்று முதலிலேயே முடிவு செய்து, பலகையின் முதுகில் எழுதி வைத்துவிடுங்கள்.

இப்படிப் படத்தைக் கொடுத்துப் பொருளைப் பெறும் படப் பரிமாற்ற முறையை 1985இல் அமெரிக்காவில் ஆண்டி பாண்டி, லோரி ஃப்ராஸ்ட் இருவரும் உருவாக்கினார்கள். ஆறு கட்டம். முதல் கட்டத்துக்கு இரண்டு பெரியவர்கள் வேண்டும். ஒருவரே சமாளிக்கப் பார்த்ததுதான் எங்கள் பெரிய தவறு. முன்னால் உட்கார்ந்து “என்ன வேணும்?” என்று கேட்டுக்கொண்டே இருந்ததால், கேள்வி வரும்வரை அவன் கையை நீட்டவே இல்லை. சத்துணவு நேரத்தில் அவன் அம்மா அரை மணி நேரம் வந்து உட்கார ஆரம்பித்த பிறகே வழி பிறந்தது. பிள்ளைக்குப் பின்னால் இருப்பவர் வாயே திறக்கக் கூடாது, அவன் கையை மட்டும் பிடித்து நகர்த்த வேண்டும். முன்னால் இருப்பவர் உள்ளங்கையை விரித்து, அட்டை விழுந்த நொடியே “முறுக்கு!” என்று சொல்லிப் பொருளைக் கொடுத்துவிட வேண்டும். உதவியைக் குறைப்பது கடைசிச் செயலிலிருந்து: முதலில் அட்டையை விடுவதை அவனிடம் விடுங்கள், அடுத்து நீட்டுவதை, கடைசியாக எடுப்பதை.

‘வேணாம்’ அட்டையைத் தள்ளிப் போடாதீர்கள். நாங்கள் தள்ளிப் போட்ட வாரங்களில் அவன் கடித்துத்தான் மறுப்பைச் சொன்னான்.

நடுவில் இன்னொரு வேதனை. தொலைந்துவிடும் என்று பள்ளியில் அட்டைகளைப் பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். “இதைப் பழக்கினால் பேச்சே வராது” என்ற பயமும் கூடவே இருந்தது. 2006இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, படம், சைகை போன்ற மாற்றுத் தொடர்பு வழிகளைப் பழகியவர்களில் நம்பகமான சான்றுள்ள 27 பேரைப் பார்த்தது. ஒருவருக்குக்கூடப் பேச்சு குறையவில்லை, பெரும்பாலோருக்குக் கூடியது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவும் இப்படிப்பட்ட மாற்றுத் தொடர்பு வழிகளை ஊக்குவிக்கச் சொல்கிறது. இரண்டையும் ஒரே தாளில் எழுதிக் கொடுத்தோம், பீரோ திறந்தது. அட்டைகள் இப்போது வளையத்தில் கோத்து அவன் இடுப்பிலேயே தொங்குகின்றன. பூட்டிய பீரோவுக்குள் இருந்தது அந்தப் பிள்ளையின் வாய்.

அட்டையின் கீழே என்ன எழுதுவது? ‘தண்ணீர்’, ‘வேண்டும்’ என்று புத்தகத் தமிழில் அச்சடித்தோம். அவன் காதில் விழுவதோ ‘தண்ணி’, ‘வேணும்’. எழுத்தும் ஓசையும் சேரவே இல்லை. வீட்டுப் பேச்சிலேயே மாற்றி அச்சடித்தோம். பாடநூல் வடிவம் இரண்டாம் ஆண்டுக்கு இருக்கட்டும்.

எழுத்தை அ, ஆ என்று தொடங்கவில்லை. சுழி நிறைந்த ‘அ’வை விட்டு, நேர்க்கோடு மிகுந்த எழுத்துகளான ட, ப, அதோடு ம, ர என்று தொடங்கினோம். இந்த நான்கும் புள்ளி வைத்த ‘ம்’, ‘ட்’டும் போதும்: படம், மரம், மடம், பட்டம். ந, ண, ன மூன்றையும் ஒரே மாதத்தில் எடுக்கவே எடுக்காதீர்கள்.

வாசித்துக் காட்டச் சொல்லித்தான் மதிப்பெண் போடுகிறார்கள், அதனால் பேசாத பிள்ளைக்கு எப்போதும் ‘தெரியாது’ என்றே பதிவாகிறது. மூன்று சொல்லட்டை வைத்து “மரம் எது?” என்று கேளுங்கள். சரியான விடையின் இடத்தை ஒவ்வொரு முறையும் மாற்றுங்கள். முக்கியமாக, உங்கள் கண் விடையின் மேல் போகக் கூடாது. பிள்ளைகள் அட்டையை விட்டு நம் கண்ணைப் படித்துவிடுவார்கள். பத்துக்கு நான்கு சரி என்பது குருட்டு யோகத்திலும் வரும். பத்துக்கு எட்டு, அதுவும் இரண்டு வேறு நாளில் வந்தால் அடுத்த எழுத்துக்குப் போகலாம்.

ஒன்பதாவது மாதம் ‘ம’, ‘ர’, ‘ம்’ மூன்றையும் கலைத்துப் போட்டேன். ‘ம’வை வைத்தான், ‘ர’வை வைத்தான், மூன்றாவதைத் தேடினான். விசிறிக் காற்றில் அது மேசைக்கடியில் போயிருந்தது. வளையத்தைத் திருப்பி ‘உதவி’ அட்டையைக் கழற்றி என் கையில் வைத்தான்.

இப்போது ‘கொ’வில் நிற்கிறோம். கொம்புக்கும் காலுக்கும் தனி அட்டை கொடுத்ததால், ஓசைப்படி ‘க’வை முதலில் வைத்துவிட்டுக் கொம்பைப் பின்னால் சேர்க்கிறான். உயிர்மெய் முழுவதையும் ஒரே அட்டையாக வெட்டிக் கொடுங்கள். நாங்களும் நாளை அதைத்தான் செய்யப் போகிறோம்.