ஃப்ரீசர் டிரைவரில் அனுமதிச் சோதனையைச் சரிசெய்தது

காசிமேட்டில் மீன் வியாபாரம் செய்யும் வீட்டுப் பையன் என் நண்பன். ஃப்ரீசரை ஆன்-ஆஃப் செய்யும் ரிலேவை இயக்க லினக்ஸ் கர்னல் மாட்யூல் ஒன்று, அதாவது இயங்குதளத்தின் மையமான கர்னலுக்குள் ஓடும் டிரைவர் ஒன்று, எழுதியிருக்கிறான். கடைக் கணினியில் உள்ள எல்லாரும் வெப்பநிலையைப் பார்க்கலாம். மாற்றும் உரிமை ரூட்டுக்கும் (கணினியில் முழு அதிகாரம் உள்ள யூசர்) அவன் அப்பாவுக்கும் மட்டும். அந்தச் சோதனை உறுதியானதா என்று பார்க்கச் சொன்னான். பெரம்பூரில் என் வீட்டில், கியூஇமு என்ற மெய்நிகர் கணினியில் ஃபெடோரா லினக்ஸ் போட்டு ஓட்டினேன்.

டிரைவரோடு பேசும் வாசலான டிவைஸ் ஃபைலை யாரும் திறக்கலாம். எழுதும்போதுதான் கேப்பபிள்() என்ற கர்னல் ஃபங்ஷனைக் கூப்பிட்டு, எழுதுபவருக்கு கேப்_சிஸ்_அட்மின் என்ற நிர்வாக உரிமை இருக்கிறதா என்று டிரைவர் பார்க்கிறது. சாதாரண யூசராக எக்கோ கட்டளையால் ஒரு எண்ணை எழுதினால் ‘அனுமதி இல்லை’ என்று திரும்புகிறது. இதோடு விட்டிருந்தால் எல்லாம் சரி என்றே தோன்றியிருக்கும்.

அப்புறம் அதே யூசரில், வேறு யூசராக மாறும் சு கட்டளையை ‘சு 5’ என்று அடித்து, எரர் வெளியீட்டை டிவைஸ் பக்கம் திருப்பினேன். 5 என்ற பெயரில் யூசர் கிடையாது. சு கட்டளை செட்யூஐடி (யார் ஓட்டினாலும் அதன் உரிமையாளரின் அதிகாரத்தில் ஓடும் நிரல்) என்பதால் ரூட்டாக ஓடுகிறது. ‘யூசர் 5 இல்லை’ என்ற அதன் புலம்பல் நேராக டிரைவருக்குப் போனது. எழுதுவது ரூட், அதனால் கேப்பபிள்() தலையாட்டிவிட்டது. வரும் எழுத்தில் முதல் எண்ணை எடுத்துக்கொள்ளும் டிரைவர், மைனஸ் 18 இருந்த இடத்தில் 5 டிகிரி வைத்தது. ஒரு ராத்திரி அப்படி இருந்தால் உள்ளே இருக்கும் வஞ்சிரம் அத்தனையும் போச்சு.

திறந்தவர் ஒருவர், எழுதியவர் வேறொருவர். 2013-இல் லினக்ஸ் கர்னலில், யூசர் எண்களைப் பொருத்தும் யூஐடி_மேப் ஃபைலிலேயே இதே ஓட்டை வெளிப்பட்டது. ஃபைலைத் திறந்தவரின் அடையாளம், கர்னல் வைத்திருக்கும் எஃப்_கிரெட் என்ற குறிப்பில் பத்திரமாக இருக்கும். அதைப் பார்க்கும் ஃபைல்_என்எஸ்_கேப்பபிள்() சோதனையையும் சேர்த்தேன். இப்போது திறந்தவர், எழுதுபவர் இருவருக்கும் உரிமை இருந்தால்தான் எண் மாறும். அதே சு வித்தையை மறுபடி செய்தேன். மைனஸ் 18 அசையவில்லை. அன்ஷேர் கட்டளை கொடுத்து, யூசர் நேம்ஸ்பேஸ் என்ற தனி வட்டத்துக்குள் மட்டும் ‘ரூட்’ ஆகியும் எழுதிப் பார்த்தேன், அதுவும் நடக்கவில்லை.

வரிசையையும் மாற்றினேன். முன்பு முதலில் கேப்பபிள்(), பிறகுதான் ‘எழுதுபவர் அப்பாவா’ என்ற கேள்வி. கேப்பபிள்() சும்மா பார்த்துவிட்டுப் போகாது. உரிமை இருந்தால் ‘சிறப்பு உரிமையைப் பயன்படுத்தியது’ என்று சூப்பர்பிரிவ் கொடியை ஏற்றும், இல்லாவிட்டால் எஸ்ஈலினக்ஸ் என்ற பாதுகாப்பு அமைப்பின் லாகில் மறுப்பு விழலாம். உரிமையுள்ள அப்பா பெயரில் எதற்கு மறுப்பு? அதனால் அப்பாவா என்று பார்க்கும் யூஐடி (யூசர் எண்) சோதனை முன்னால், கேப்பபிள்() கடைசியில்.

கேப்_சிஸ்_அட்மின் இந்தச் சின்ன வேலைக்கு ரொம்பப் பெரிய சாவி. வன்பொருளை நேரடியாகத் தொடும் உரிமையான கேப்_சிஸ்_ராஐஓ போதுமா என்று அடுத்து பார்க்க வேண்டும்.