ஓஹேர் கவுண்டரில் ஒரு பென்சில்

2016 நவம்பர் 2, புதன்கிழமை. சிகாகோவில் ஏழு மாத ஆன்சைட் வேலை முடிந்து ஊர் திரும்பும் நாள். ஓஹேர் விமான நிலையத்தில் செக்யூரிட்டி தாண்டியதும் பசி. ஸ்போர்ட்ஸ் பாரில் மேஜை ஒன்றும் காலியில்லை. கவுண்டரில் மட்டும் ஒரு ஸ்டூல் இருந்தது.

அன்று பேஸ்பால் வேர்ல்ட் சீரிஸின் ஏழாவது, கடைசி ஆட்டம், கிளீவ்லாந்தில். சிகாகோ கப்ஸ் அணி அதற்கு முன் கோப்பையை வென்றது 1908-இல். சுவர் முழுக்க டிவி, எல்லாவற்றிலும் அதே மைதானம்.

பாஸ்போர்ட்டைக் காட்டி ஒரு பீரும் பஃபலோ விங்ஸும் சொன்னேன். ஒரு பீரோடு சரி. முந்தைய பயணத்தில் இரண்டு குடித்துவிட்டு ஏறி, வழியெல்லாம் தலைவலி. பறக்கும்போது கேபினுக்குள் காற்றழுத்தம் ஏறக்குறைய ஊட்டியில் இருப்பது போலத்தான் இருக்கும், காற்றும் வறண்டது. பீர் முடிந்ததும் இரண்டு தம்ளர் தண்ணீர் குடிப்பது அன்றிலிருந்து பழக்கம். விங்ஸ் வந்தது. வினிகர் காரம் மூக்கில் ஏற, பக்கத்தில் செலரித் தண்டும் புளூ சீஸும். நம் மிளகாய்க் காரம் வேறு, இது வேறு. ஆனாலும் விரலைச் சப்பிச் சாப்பிட்டேன்.

பக்கத்து ஸ்டூலில் நீலத் தொப்பி போட்ட பெரியவர். முன்னால் கட்டம் கட்டமாக அச்சடித்த நோட்டும் ஒரு சின்னப் பென்சிலும். பேத்தியின் ஞானஸ்நானத்துக்கு டப்ளின் போகிறாராம். டிக்கெட் போட்டபோது இந்த ஆட்டம் வரும் என்று யாருக்குத் தெரியும்? "ஆட்டத்தைப் பதிவு செய்து வை, முடிவை மட்டும் சொல்லிவிடாதே என்று மகளிடம் சொல்லியிருக்கிறேன்" என்றார்.

என்ன வேலை என்று கேட்டார். டெஸ்டர், எங்கே எது தப்பாகப் போனது என்று எழுதி வைப்பவன் என்றேன். "அப்படியானால் இது உங்களுக்குப் பிடிக்கும்" என்று நோட்டை என் பக்கம் நகர்த்தினார். ஆட்டத்தில் நடப்பதைக் குறித்து வைக்கும் நோட்டு. ஒவ்வொரு ஆட்டக்காரரின் இடத்துக்கும் ஓர் எண். ஷார்ட்ஸ்டாப் 6, முதல் பேஸ் 3. பந்து ஆறிடமிருந்து மூன்றுக்குப் போய் ஒருவர் அவுட் என்றால் 6-3. தவறவிட்டால் E, கூடவே தவறவிட்டவரின் எண். ஏழு மாதம் நான் நிரப்பிய டிஃபெக்ட் ஷீட்டேதான்! அந்த ஏழு மாதத்தில் கிளையன்ட் ஆபீசில் யாரும் என் வேலையைப் பற்றி இவ்வளவு நேரம் பேசியதில்லை. என் பெயருக்கு நேரே எத்தனை திறந்திருக்கிறது, எத்தனை மூடியாகிவிட்டது, அதோடு பேச்சு முடிந்துவிடும்.

ஏழு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. நான்காவது பந்து. கப்ஸின் டெக்ஸ்டர் ஃபவுலர் அடித்தது நேராக நடு வேலியைத் தாண்டிப் போனது. பாரே எழுந்து நின்றது, பீர் ஊற்றிக்கொண்டிருந்த பெண் குழாயை மூட மறந்தாள். பெரியவர் மட்டும் உட்கார்ந்தபடி ரன் வந்ததற்கு அடையாளமாக, அந்தக் கட்டத்திலிருந்த வைர வடிவத்தை ஓரம் பிசகாமல் கருப்பாக நிரப்பினார். அப்புறம்தான் கண்ணைத் துடைத்தார். எனக்கும் ஒரு நாப்கினில் அதே கட்டத்தை வரைந்து கொடுத்தார்.

சிறிது நேரத்தில் என் போர்டிங் அழைப்பு வந்தது. கை குலுக்கிவிட்டுக் கிளம்பினேன்.

துபாயில் இறங்கி போனைத் திறந்தேன். 17 நிமிட மழை, பத்து இன்னிங்ஸ், 8-7, கப்ஸ் வெற்றி. நாப்கினின் ஓரத்தில் எழுதிக்கொண்டேன். அந்த நேரம் அவர் மகள் வீட்டில் பென்சிலோடு உட்கார்ந்திருப்பார். எத்தனையாவது இன்னிங்ஸில் இருந்தாரோ.