முனியப்பனுக்குக் கூரை இல்லை

ஜூலை 3

கேஸ் குழாய் போகிற சர்வே எண்களின் பட்டியல் வந்துவிட்டது. எங்கள் பங்காளிகளின் மேட்டுக்காட்டு நம்பரும் அதில் இருக்கிறது. பாலக்கோட்டுப் பக்கம் மேட்டுக்காடு என்றால் மழையை நம்பிச் சாமையும் கொள்ளும் போடுகிற நிலம். விற்கப் போனால் பெரிதாக ஒன்றும் தேறாது. ஆனால் எங்கள் முனியப்பன் அங்கேதான் இருக்கிறார்.

பார்க்காதவர்களுக்காக எழுதி வைக்கிறேன். ஒரு பெரிய வேப்பமரம். அதனடியில் மஞ்சள் பூசிய மூன்று கற்கள். முன்னால் நேர்த்திக்கடனுக்கு நட்ட வேல்கள். பழையவை துருப்பிடித்துப் பாதியாகத் தேய்ந்துவிட்டன. நுனியில் குத்திய எலுமிச்சம்பழம் கறுத்துச் சுருங்கி அப்படியே நிற்கும். இரண்டு மண் குதிரைகள், ஒன்றுக்குக் காது இல்லை. சுவர் கிடையாது, கூரை கிடையாது. "வெயிலும் மழையும் என் மேல பட்டாத்தான் உங்க காட்டு மேல படும்" என்று சாமி உத்தரவு கொடுத்ததாகப் பெரியப்பா சொல்வார்.

ஜூலை 5

சட்டத்தைத் தேடிப் படித்தேன். 1962-ல் வந்த பெட்ரோலியம், கனிமக் குழாய்ச் சட்டம். நிலத்தை வாங்குவதில்லை, பட்டா நம் பேரிலேயே இருக்கும். அடியில் குழாய் பதிக்கிற உரிமையை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். சரி, பரவாயில்லையே என்று தோன்றும். அப்புறம் 9-வது பிரிவு வருகிறது. குழாய் போகிற பட்டையில் கட்டடம் கட்டக்கூடாது, கிணறு வெட்டக்கூடாது, மரம் நடக்கூடாது. உரிமைக்கு ஈடாகச் சட்டம் சொல்வது சந்தை மதிப்பில் 10 சதவீதம். சேதத்துக்குத் தனி.

வேம்பை வெட்டிவிட்டால் அந்த இடத்தில் இன்னொரு வேம்பு வைக்க முடியாது. இதற்கு எந்தச் சதவீதம் போடுவது?

7-வது பிரிவில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. குடியிருக்கிற நிலத்திலும் நிலையான கட்டடம் இருக்கிற நிலத்திலும் குழாய் பதிக்கக்கூடாது. முனியப்பனுக்குத்தான் கட்டடமே இல்லையே. சட்டத்தின் கண்ணுக்கு அது வெறும் புன்செய்.

ஆட்சேபணை சொல்ல 21 நாள். அரசிதழில் அறிவிப்பு வந்த தேதியிலிருந்தே அது ஓடுகிறது.

ஜூலை 8

எங்கள் பள்ளியில் என்னோடு வேலை பார்க்கும் சிஸ்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். "எங்க ஆளுங்களும் இதுல மாட்டினவங்கதான் சார்" என்று அமெரிக்கக் கன்னியர்களின் கதையைச் சொன்னார். இரவெல்லாம் உட்கார்ந்து அந்தத் தீர்ப்புகளைப் படித்தேன்.

பென்சில்வேனியா மாநிலம், லங்காஸ்டர் பகுதி. கிறிஸ்துவின் இரத்தத்தைப் போற்றும் கன்னியர் சபைக்கு அங்கே விளைநிலம் உண்டு. மண்ணைக் கடவுளின் கொடையாகக் காக்க வேண்டும் என்று 2005-லேயே தங்களுக்குள் எழுதி உறுதி எடுத்தவர்கள். அட்லாண்டிக் சன்ரைஸ் என்ற எரிவாயுக் குழாய் அந்த நிலத்தின் வழியாக வந்தது. பணம் வேண்டாம் என்றார்கள். 2017 ஜூலையில், குழாய் வருகிற தடத்திலேயே, மக்காச்சோளக் காட்டுக்கு நடுவில் ஒரு ஜெபக்கூடம் வைத்தார்கள். மர பெஞ்சுகளும் ஒரு மரப் பந்தலும்தான். அதற்கும் சுவர் இல்லை. படத்தைப் பார்த்ததும் முனியப்பன்தான் ஞாபகத்துக்கு வந்தார்.

மதச் சுதந்திரச் சட்டத்தின்படி வழக்குப் போட்டுத் தோற்றார்கள். 2018 ஜூலையில் மேல்முறையீடும் போனது. அந்த அக்டோபரில் குழாயில் எரிவாயு ஓட ஆரம்பித்தது. 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்கவே மறுத்தது. நஷ்டஈடு கேட்டுப் போட்ட இரண்டாவது வழக்கும் தள்ளுபடியாகி, 2022-ல் மேல்முறையீட்டிலும் தோற்றது.

ஏன் தோற்றார்கள் என்பதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. அவர்களுடைய நம்பிக்கை பொய் என்று எந்த நீதிபதியும் சொல்லவில்லை. அதை எடைபோட்டுப் பார்க்கிற இடத்துக்கே வழக்கு போகவில்லை. எரிசக்தி ஆணையம் குழாய்க்கு அனுமதி கொடுக்கும் முன் ஆட்சேபணை கேட்டதே, அப்போது மத நம்பிக்கை என்ற காரணத்தை ஏன் வைக்கவில்லை, இப்போது வந்து சொன்னால் கேட்க முடியாது என்றுவிட்டார்கள். அவ்வளவுதான். மண்ணை அத்தனை உயிராக நினைத்தவர்களுக்கு, அதைச் சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாததால் கதவு மூடிவிட்டது.

ஜூலை 9

ராஜஸ்தானில் ஜெய்சல்மேர் பக்கம் ஓரண் என்று சாமி பேருக்கு விட்ட காடுகள் உண்டு. மரம் வெட்ட மாட்டார்கள், ஆடுமாடு மட்டும் மேயும். பல ஓரண்கள் அரசுக் கணக்கில் தரிசு என்றே இருப்பதால் சோலார் தகடும் உயர்மின் கம்பியும் அங்கே நுழைகின்றன; ஜனங்கள் போராடிக்கொண்டிருக்கிறார்கள். பதிவேட்டில் சாமி இல்லை என்றால் நிலத்திலும் இல்லை என்று ஆகிவிடுகிறது.

நம் பக்கத்துக் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். கொச்சி–பெங்களூரு குழாயை நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோங்கள் என்று 2013-ல் தமிழக அரசே சொன்னது. உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் குழாய்க் கம்பெனி பக்கமே நின்றது.

ஜூலை 12

பங்காளிகள் கூடினோம். தம்பி ஒருவன், "ராத்திரியோட ராத்திரியா தளம் போட்டுடலாம்ணா, அப்புறம் எவன் தொடுவான்" என்றான். அறிவிப்புக்கு முன்னால் இருந்த கட்டடத்துக்குத்தான் பாதுகாப்பு என்று விளக்கினேன். பெரியப்பாவுக்கு அந்த விளக்கமே தேவைப்படவில்லை. "சாமி கேக்காத கூரைய நாம எதுக்குடா போடணும்? சட்டம் கேக்குதுன்னா?"

சித்தப்பாவுக்கு வேறு கவலை. பெண்ணுக்குத் தை மாதம் கல்யாணம். "வர்ற காச ஏன் விடணும்?" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காசு பற்றி எழுத வேண்டாம், தடத்தை மாற்று என்று மட்டும் கேட்போம் என்று முடிவானது. எங்கள் வீட்டிலும் கேஸ் அடுப்புதான் எரிகிறது. குழாயே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. மேற்கே வண்டிப்பாதை ஓரமாகத் திருப்பினால் வேம்பும் கல்லும் தப்பிக்கும்.

ஜூலை 15

மனு எழுதி முடித்தேன். பயிர், கிணறு, பாதுகாப்பு எல்லாவற்றுக்கும் முன்னால் முதல் காரணமாகச் சாமியை வைத்தேன். எந்தெந்த ஊர்க் குடும்பங்கள் கும்பிடுகின்றன, எப்போது பொங்கல் வைக்கிறோம், கூரை போடாதது எங்கள் வழக்கம், மரம் சாமியோடு சேர்ந்தது என்று வரிசையாக எழுதினேன். புலப்பட வரைபடத்தில் மரம் நிற்கிற மூலையைச் சிவப்பு மையில் குறித்து இணைத்தேன். பழைய திருவிழாப் படங்களும் சேர்த்தாயிற்று. காடு விற்றுவிட்டு ஓசூரில் இருக்கிற பங்காளிகளும் வந்து கையெழுத்துப் போட்டார்கள்.

ஜூலை 17

ஆடி ஒன்று. கெடு முடியும் முன்பே மனுவைக் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கிவிட்டோம். வாங்கியவர் புரட்டிப் பார்த்து, "கோயிலுக்கு ஏதாவது ரெக்கார்டு இருக்கா?" என்று கேட்டார். "அதுக்குத்தான் இந்த மனு" என்றேன்.

நேரில் விசாரணைக்குக் கூப்பிட வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. வக்கீல் வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் முதலில் பெரியப்பாதான் பேசப் போகிறார். சாமி கூரை வேண்டாம் என்று சொன்னதை அவர் வாயாலேயே அதிகாரி எழுதிக்கொள்ள வேண்டும். எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லி, அப்புறம்தான் கையெழுத்து.