வலது மடல்

ஜூன் 3
அண்ணனுக்குக் கல்லீரலில் ஒரு பகுதியைத் தரப்போகும் தங்கையின் சிடி ஸ்கேன் அளவு வந்துவிட்டது. கல்லீரல் மொத்தம் 1,180 மி.லி. வலது மடலை எடுத்தால் தங்கைக்கு மிஞ்சுவது 36%. 30%க்குக் கீழே என்றால் பேச்சுக்கே இடமில்லை. அண்ணன் 72 கிலோ. 700 கிராம் கிடைத்தாலும் அவர் எடையில் 0.8% என்ற குறைந்தபட்ச எல்லையைத் தாண்டிவிடும்.

ஜூன் 4
அவள் ஈரலில் கொழுப்பு 5%க்குள். நிம்மதி.

ஜூன் 6
எம்ஆர்சிபி படம், பித்தநாளங்களைக் காட்டும் எம்ஆர்ஐ. வலது பின்கிளைப் பித்தநாளம் முன்கிளையோடு சேராமல் நேரே இடது நாளத்தில் போய் விழுகிறது. எடுக்கும் மடலில் இரண்டு நாள வாய் உறுதி. வெட்டு 2 மி.மீ. இடப்பக்கம் நகர்ந்தால் தங்கையின் இடது நாளம் சுருங்கும். காமாலை பல மாதம் கழித்துத்தான் தலைகாட்டும். வலப்பக்கம் நகர்ந்தால் அண்ணனுக்கு மூன்று வாய்கூட ஆகலாம். ஒவ்வொன்றையும் தனியாகத் தைக்க வேண்டும், ஒவ்வொன்றும் கசியலாம்.

ஜூன் 7
"ஓட்டை போட்டுத்தானே செய்வீங்க டாக்டர்?" என்று தங்கை கேட்டாள்.
நான்கைந்து துளைகள், அடிவயிற்றில் சிசேரியனுக்குப் போடுவது மாதிரி ஒரு வெட்டு. மடல் அதன் வழியே வெளியே வரும். வலி குறைவு, பின்னாளில் குடலிறக்கமும் குறைவு. இதெல்லாம் உண்மை. ஆனால் உள்ளே அறுபடுகிற ஈரல் அதே ஈரல்தான். தானம் தருபவர் இறக்கும் வாய்ப்பு ஆயிரத்தில் இரண்டு என்ற அளவில் இருக்கிறது. இதை அண்ணனோ அம்மாவோ பக்கத்தில் இல்லாதபோது அவளிடம் சொல்லியாக வேண்டும். வேண்டாம் என்று சொல்லவும் அவளுக்கு ஒரு வழி இருக்க வேண்டும்.

ஜூன் 9
2002இல் பாரிஸில் அறுவை மருத்துவர் செர்க்கியின் குழு லேப்ராஸ்கோபியில், அதாவது துளைவழி அறுவையில், எடுத்தது குழந்தைகளுக்கான சிறிய இடது ஓரப்பகுதி. முழு வலது மடலுக்கு இந்த முறை வழக்கமாவதற்கு மேலும் பல வருடங்கள் ஆயின. சியோலில் அதை வழக்கமாக்கியவர்கள் திறந்த அறுவையில் ஏற்கெனவே ஊறியவர்கள். அந்த வரிசையை யாரும் தாண்டிக் குதிக்கக் கூடாது.

ஜூன் 11
மறுபடி பித்தநாளம். வலப்பக்க ரத்த வரத்தைத் தற்காலிகமாக அடைத்துவிட்டு ஐசிஜி என்ற ஒளிரும் சாயம் 2.5 மி.கி. கொடுத்தால் இடது மடல் ஒளிரும், வெட்டுக்கோடு தெரியும். திசுவை அறுத்து நாளத்தை எட்டுவதற்குள் சாயம் பித்தத்துக்கு வந்திருக்கும். தாமதமாகக் கொடுத்தால் ஈரலின் ஒளியில் நாளம் மூழ்கிவிடும்.

ஜூன் 12
குடலிலிருந்து ஈரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரையில், அது இரண்டாகப் பிரியும் இடத்தை ஒட்டிக் கிளிப் போட்டால் அவளுடைய இடது சிரை நெரியும். ஈரலிலிருந்து ரத்தம் வெளியேறும் ஹெபாட்டிக் சிரையில், வெட்டி மூடும் ஸ்டேப்லர் சில மி.மீ. நீளத்தைத் தின்றுவிடும், அந்த நஷ்டம் அண்ணனுக்கு. அடிவயிற்று வெட்டை முன்பே போட்டு, வயிற்றின் உள்சவ்வை மட்டும் விட்டுவைக்க வேண்டும். ரத்த ஓட்டம் நின்றபின், வெளியே எடுக்கும் பைக்குள் சூட்டோடு கிடக்கும் ஒவ்வொரு நிமிடமும் மடலுக்குக் கேடு.

ஜூன் 13
வயிற்றை உப்பவைக்கும் வாயுவின் அழுத்தம் 12 மி.மீ. பாதரசம். சிரை கிழிந்தால் வாயு ரத்தத்துக்குள் போகும். மூச்சில் வரும் கார்பன் டைஆக்சைடு திடீரென்று இறங்கினால் உடனே அழுத்தத்தைக் குறைக்க வேண்டும்.

ஜூன் 14
திறந்த அறுவைக்கான கருவித் தட்டு பிரித்த நிலையில் தயாராக இருக்கும். சாயம் போட்டும் பின்கிளை சேருமிடம் தெளிவாகத் தெரியவில்லையென்றால், திறந்துவிடுவது. அவளிடமும் சொல்லியாயிற்று. சரி என்றாள்.

இரண்டு வாயும் அருகருகே அமைந்தால் சேர்த்துத் தைத்து ஒன்றாக்கிவிடலாம். படத்தில் இடைவெளி 4 மி.மீ. போலத் தெரிகிறது. இன்னொரு கோணத்தில் 6.